ஃபோனைப் பிடுங்கி பீரோவில் வைத்தால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஃபோனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் அவளுக்கு ஒருவன் பழக்கமாகியிருக்கிறான். 'அண்ணா' என்று கூப்பிடுகிறாள். அவன் இரண்டு மூன்று முறை அவளுக்கு டயமண்ட், அதாவது அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கிற காசு, வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்புறம் வாட்ஸ்அப் நம்பர், அப்புறம் யூனிஃபார்மில் ஒரு ஃபோட்டோ. அவளும் அனுப்பிவிட்டாள். தற்செயலாக அதைப் பார்த்த நீங்கள் ஃபோனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இது போதுமா, போலீசுக்குப் போக வேண்டுமா, போனால் பெண்ணின் பெயர் வெளியே வந்துவிடாதா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுபோல இனி ஃபோனே கொடுக்காமல் இருந்துவிடலாமா? இவைதாம் நீங்கள் கேட்டிருப்பவை.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். போலீஸ், சட்டம், செட்டிங்ஸ் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "நீ எந்தத் தப்பும் செய்யலை. உன்மேல எனக்குக் கோபம் இல்லை. நான் பயந்துட்டேன், அதனாலதான் பிடுங்கினேன்" என்று சொல்லுங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். முடிந்தால் சாப்பாட்டை ஊட்டிவிடுங்கள். இது தாய்ப்பாசத்துக்காக மட்டும் சொல்வதில்லை. இப்போது உங்களுக்குத் தெரிந்தது ஒரு ஃபோட்டோ. அதற்கு மேல் ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவள் வாய் திறக்க வேண்டும். உங்கள் கோபம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு இறுக்கமாக அந்த வாய் மூடிக்கொள்ளும்.

இப்படிப் பழகுகிறவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது இந்த ஒன்றைத்தான். முதலில் பாராட்டு: "நீ செம்மையா ஆடுற." அடுத்து பரிசு. டயமண்டோ, விளையாட்டு உருவத்துக்கு மாட்டும் ஸ்கின் என்கிற அலங்காரமோ, நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கோ யாரும் தராத ஒன்று. அதன் பிறகு வேறு இடத்துக்குக் கூப்பிடுவார்கள். விளையாட்டுக்குள் பேசினால் புகார் செய்யலாம், கணக்கை முடக்குவார்கள் என்பதால் வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாவுக்கோ டெலிகிராமுக்கோ நகர்த்துவார்கள். பிறகு வருவது ரகசியம்: "அம்மாகிட்ட சொல்லாத, சொன்னா ஃபோனைப் பிடுங்கிடுவாங்க." கடைசியில் ஃபோட்டோ. முதலில் சாதாரணமாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி. ஒரு தவறான படம் கையில் கிடைத்துவிட்டால் மிரட்டல் தொடங்கும்: "உங்க அம்மாவுக்கு அனுப்பிடுவேன்."

அந்த மிரட்டலில் ஆயுதமாக இருப்பது யார் என்று பாருங்கள். அவன் இல்லை, நீங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தை வைத்துத்தான் அவன் குழந்தையை ஆட்டிவைக்கிறான். அம்மாவுக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தால் அவன் கையில் எதுவுமே மிஞ்சாது. நீங்கள் ஃபோனைப் பிடுங்கிய அன்று, அவன் சொன்னது சரிதான் என்று அவள் மனதில் பதிந்திருக்கும். அதை அழிப்பதுதான் இன்றைய வேலை.

எதிரில் இருப்பவனும் பன்னிரண்டு வயதுப் பையனாகவே இருக்கலாம், அதற்கும் வாய்ப்பு உண்டு. டயமண்ட் கொடுத்தவன், வேறு ஆப்புக்குக் கூப்பிட்டவன், ரகசியம் காக்கச் சொன்னவன், படம் கேட்டவன் என்ற நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், அவன் வயது என்னவாக இருந்தாலும் நான் எச்சரிக்கையாகத்தான் இருப்பேன்.

சரி, நாளைக் காலையில் ஃபோனை பீரோவிலிருந்து எடுங்கள். அதில் இருப்பது ஆதாரம். ஆத்திரத்தில் எதையும் அழிக்காதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். பல வீடுகளில் அப்பா முதலில் செய்வது எல்லாவற்றையும் அழித்து ஃபோனை ரீசெட் போடுவதுதான். வழக்குக்கு வேண்டியது அதோடு போய்விடுகிறது. அவன் பேசியதையெல்லாம் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் நம்பர், இன்ஸ்டா கணக்கின் பெயர், விளையாட்டில் அவனுக்கு உள்ள ஐடி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விளையாட்டில் தெரிகிற பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஐடி எண் அப்படி மாறாது, அதனால் அதுதான் முக்கியம். இவ்வளவும் முடிந்த பிறகு ஆப்பில் புகார் கொடுத்து, கடைசியாக பிளாக் செய்யுங்கள். உங்கள் மகள் பேசுவதுபோல நீங்களே அவனோடு பேசி ஊர் பெயரைக் கறந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவன் உஷாராகிக் கணக்கை மூடிவிட்டுப் போவான். திட்டவும் வேண்டாம்.

போலீசுக்குப் போவது பற்றி. யூனிஃபார்ம் படம் கேட்டது மட்டுமே குற்றமாகுமா என்பது அவன் வேறு என்ன பேசினான், எந்த நோக்கத்தில் பேசினான் என்பதைப் பொறுத்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை ஃபோன் வழியாகவோ இணையத்தின் வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் குற்றம்தான். படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் அதே பிரிவில் வருகிறது. அந்தப் படம் உண்மையானதாக இருந்தாலும் சரி, ஒட்டி உருவாக்கியதாக இருந்தாலும் சரி. குழந்தைகளைத் தவறான நோக்கத்தோடு ஆன்லைன் பழக்கத்துக்கு இழுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் தண்டிக்கிறது. முதல் தடவையே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சாட்டில் ஆபாசமான ஒரு வரி இருந்தாலும் போங்கள். இல்லாவிட்டாலும் புகார் கொடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை. அதே ஆளைப் பற்றி வேறு ஒரு தாயும் சொல்லியிருக்கலாம்.

எங்கே போவது? பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். வீட்டிலிருந்தே செய்ய வேண்டுமானால் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. அதில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். ஆனால் பெயர் சொல்லாமல் பதிந்தால் அது என்ன ஆயிற்று என்று பின்னால் பார்க்க முடியாது. உங்கள் விஷயத்தில் பெயர் கொடுத்தே பதியச் சொல்வேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அவளே கூப்பிட்டும் பேசலாம், அதை அவளிடம் சொல்லி வையுங்கள். 1930 என்ற எண்ணை முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் கணக்கிலிருந்து அவள் அவனுக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே அதைக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகும்.

பெயர் வெளியே வருமா என்று பயப்படுகிறீர்கள். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பத்தைப் பற்றிய விவரம் எதையும் செய்தியில் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், யூனிஃபார்மில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் 2012-இலிருந்து இருக்கிற விதிகள். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால், "வேனில் ஏற்றி அழைத்துப் போவார்களோ" என்ற பயம் பாதி குறைந்துவிடும். இன்னொன்று: குழந்தைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். அதனால் பள்ளியிலோ சொந்தத்திலோ யாராவது "நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்றால் அதை ஏற்க வேண்டாம்.

உங்கள் மகள் அனுப்பியது யூனிஃபார்ம் படம் மட்டும் என்று நம்புவோம். அதற்கு மேலும் அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களைப் போல வேறு பலர் இதைப் படிக்கக்கூடும். முதலாவது, பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரண்டாவது, அந்தப் படத்தை "மாமா, இதைப் பாருங்க" என்று சொந்தக்காரர் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆலோசனை கேட்பதற்காகக்கூட. குழந்தையின் ஆபாசப் படத்தைப் பகிர்வது யார் செய்தாலும் குற்றம். வைத்திருப்பது பற்றியும் ஒரு வழக்கு நம் சென்னையிலிருந்தே போனது. ஃபோனில் இறக்கி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொல்ல, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். அது படம் இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு என்பதால். எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அது.

மூன்றாவது, பரவாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் அதை நடத்துகிறது; எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு விரல்ரேகை போல ஓர் அடையாள எண் உருவாகும். அந்த எண் மட்டும்தான் அவர்களுக்குப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடல்களுக்குள் இது வேலை செய்யாது. படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் எண்ணும் மாறிவிடும். முழு மருந்து இல்லைதான். ஆனாலும் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று உடைந்து போயிருக்கும் குழந்தைக்கு, "இதோ, நாமே ஏதோ செய்கிறோம்" என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

இதில் பையன்களைப் பெற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், அது தவறு. பணம் கேட்டு மிரட்டும் வகையில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள்தான் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பல தடவை எச்சரித்திருக்கிறது. அழகான பெண் படம் வைத்த கணக்கிலிருந்து செய்தி வரும். ஒரு மணி நேரத்துக்குள் படம் வாங்கி, மிரட்டல் வரை போய்விடுவார்கள். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவின் ஃபோனிலிருந்து மூன்று முறை பணம் அனுப்பிவிட்டு, நான்காவது முறைக்கு வழியில்லாமல் என்னிடம் வந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா சார்?" பையன் தானே, என்ன ஆகப் போகிறது என்று நாம் ஒருநாளும் உட்கார்ந்து பேசாமல் விட்ட பிள்ளைகள் இவர்கள்.

யூனிஃபார்ம் படத்துக்கு வருகிறேன். அதில் தவறாக ஒன்றும் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டைப் பையில் பள்ளி முத்திரை இருக்கும், கழுத்தில் ஐடி கார்டு தொங்கும், அதில் பெயர், வகுப்பு, சில பள்ளிகளில் அப்பாவின் ஃபோன் நம்பரும் இருக்கும். எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். முகம் இருப்பதாலேயே வேறொரு ஆபத்தும் சேர்ந்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஸ்பெயினில் அல்மெந்த்ராலெஹோ என்ற சிறு ஊரில், இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அந்தப் பெண்கள் யாரும் அப்படி ஒரு படம் எடுத்ததே இல்லை. உடையோடு இருந்த சாதாரணப் படங்களை ஏஐ ஆப் ஒன்றில் போட்டு உருவாக்கியிருந்தார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். அடுத்த ஆண்டு 15 பேருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது சிறார் நீதிமன்றம். முகம் தெரியாதவனை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம். பக்கத்து பெஞ்சுக்காரனிடம் ஃபோன் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது சொல்லப் போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். பிள்ளைகளின் படத்தையும் விவரத்தையும் முதலில் வெளியே கொட்டுவது நாம்தான். நம் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் சடங்கு வைக்கிறோம். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். பெண்ணின் முழு உருவப் படம், பெயர், அப்பா பெயர், தேதி, மண்டபம். பிறகு அந்த வீடியோவை ஸ்டுடியோக்காரர் தன் வேலைக்கு விளம்பரமாக யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் போட்டுவிடுகிறார். பெரும்பாலும் நம்மிடம் கேட்பதுகூட இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குழந்தையின் உடலில் நடந்த ஒன்றை, முகத்தோடும் பெயரோடும் ஊரறிய, உலகறிய அறிவிக்கிறோம். அந்த வீடியோக்களின் கீழே வருகிற கமெண்டுகளைப் படித்துப் பார்த்தீர்களானால் அன்று இரவு தூக்கம் வராது. சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தபந்தம் கூடி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, பெண்ணை உட்கார வைத்துக் கொண்டாடுவது அவரவர் வீட்டு வழக்கம். அது மண்டபத்தோடு நிற்கட்டும். ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே "வீடியோவை எங்கேயும் போடக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் படம் இல்லாமல் வையுங்கள். முதலில் அவளிடம் கேளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்று மனதுக்குள் அழுத பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹால் டிக்கெட்டும் அப்படித்தான். "எங்க பாப்பா பப்ளிக் எழுதப் போறா, வாழ்த்துங்க" என்று ஹால் டிக்கெட்டையே ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். நம் அரசுத் தேர்வு முடிவைப் பார்க்கக் கேட்பது பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான். இரண்டும் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. அவள் மதிப்பெண்ணை அவளுக்கு முன்னால் ஊரே பார்த்துவிடும். முதல் நாள் பள்ளிப் படம், வேன் நிற்கும் இடம், குளிக்கும் குழந்தையின் வீடியோ, வீட்டுச் செல்லப்பெயர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். செல்லப்பெயரைத் தெரிந்தவன் "அப்பா அனுப்பினார்" என்று பள்ளி வாசலில் வந்து கூப்பிட்டால் குழந்தை நம்பத்தான் செய்யும்.

செட்டிங்ஸ் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு தொடங்கும்போது பிறந்த வருஷத்தை உண்மையாகப் போட வேண்டும். உங்கள் மகளுக்கு 13 முடியும்வரை இன்ஸ்டா வேண்டாம். அந்த நிறுவனத்தின் விதியும் அதுதான். அதற்குப் பிறகு தொடங்கினால், பதின்வயதினருக்கான கணக்கு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், அவள் பின்தொடராத யாரும் அவளுக்குச் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்த உங்கள் அனுமதி வேண்டும். பிள்ளைகள் 2000-இல் பிறந்ததாகப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு ஒன்றுமே வராது. வாட்ஸ்அப்பில் டிபி, லாஸ்ட் சீன், குரூப்பில் சேர்ப்பது மூன்றையும் 'என் தொடர்புகள்' மட்டும் என்று மாற்றுங்கள். விளையாட்டில் வாய்ஸ் சாட்டை அணைத்துவிட்டு, தெரிந்த தோழிகளோடு மட்டும் ஆடச் சொல்லுங்கள். கேமராவில் லொகேஷனை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால், பிள்ளையின் ஃபோன் பயன்பாட்டைப் பெற்றோர் கவனிக்க உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போடலாம், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒளிந்து வேவு பார்க்கும் ஆப் எதையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கண்டுபிடிக்கிற அன்று அவள் இன்னொரு ஃபோனைத் தேடிப் போய்விடுவாள்.

சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாதா என்றும் கேட்பார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் தரவைக் கையாளக் கூடாது, பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று செய்துவிட்டது. நான் அதை எதிர்ப்பவன் அல்ல. ஆனால் எந்தச் சட்டமும் இன்று இரவு உங்கள் மகள் பக்கத்தில் வந்து உட்காராது.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது. இனி ஃபோனே வேண்டாம் என்றால் வீட்டுப்பாடம் வரும் பள்ளி குரூப்புக்கு என்ன செய்வீர்கள்? பெரியம்மா மகனிடம் ஃபோன் இருக்கிறதே, அங்கே போய் ஆடினால் உங்களுக்குத் தெரியவா போகிறது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆதாரமெல்லாம் எடுத்து, புகார் கொடுத்து முடித்து, போலீசுக்கு அந்த ஃபோன் இனித் தேவையில்லை என்று தெரிந்த பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஹாலில் வைத்து ஆடட்டும். இரவு ஒன்பது மணிக்கு எல்லோருடைய ஃபோனும், உங்களுடையதும் அவருடையதும் சேர்த்து, ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். கொடுக்கும்போது, "யாராவது 'அம்மாகிட்ட சொல்லாத'ன்னு சொன்னா, அதை மட்டும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காக இதைத் திரும்பப் பிடுங்க மாட்டேன்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள். அப்பாவும் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறை அவள் ஏதாவது சொல்லிக்கொண்டு வரும்போது, அது எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், முகத்தில் காட்டிக்கொள்ளாமல் "சொல்லும்மா" என்று கேளுங்கள்.